பெயர் ஓரிடம், பொருள் வேறிடம்: கணினிக்குள் கோப்புகள் வாழும் விதம்

20 ஜிபி அளவுள்ள ஒரு காணொளியை ஒரு கோப்புறையிலிருந்து பக்கத்துக் கோப்புறைக்கு இழுத்து விடுங்கள். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதே காணொளியைப் பென் டிரைவுக்கு இழுத்து விடுங்கள். பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போகும், எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். இரண்டு முறையும் நம் கை செய்தது ஒன்றுதான். நேரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபாடு?

முதல் முறை அந்தக் காணொளி இருந்த இடத்தைவிட்டு ஒரு பைட்கூட நகரவில்லை. அது இன்ன கோப்புறையில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் மாறியது. இரண்டாம் முறைதான் 20 ஜிபி உள்ளடக்கம் முழுவதும் படிக்கப்பட்டு வேறொரு சாதனத்தில் எழுதப்பட்டது.

வட்டுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசை எண் இட்ட பெட்டிகள்தான். பழைய வன்தட்டுகளில் ஒரு பெட்டிக்கு 512 பைட். பிற்கால வட்டுகள் பலவற்றில் 4,096 பைட். இத்தனையாவது பெட்டியில் இதை எழுது, இத்தனையாவது பெட்டியில் இருப்பதைக் கொடு என்று கேட்டால் வட்டு செய்யும். கோப்பு, கோப்புறை, பெயர், தேதி, அளவு, யார் திறக்கலாம் என்ற உரிமை ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டிகளுக்கு மேலே இயங்குதளம் கட்டியெழுப்பும் ஏற்பாடு. அதைத்தான் கோப்பு முறைமை என்கிறோம். அதன் நடுவில் இருப்பது ஒரு பேரேடு. எந்தப் பெயருக்கு எந்தெந்தப் பெட்டிகள், எந்தப் பெட்டிகள் காலி என்ற கணக்கு அதில் இருக்கும். அந்தப் பேரேடும் அதே வட்டின் சில பெட்டிகளில்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

கோப்புகளைப் பற்றி மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டியிருக்கின்றன. அழித்தது எப்படித் திரும்ப வந்தது, இடம் இருக்கும்போதே இடமில்லை என்று ஏன் சொல்கிறது, மின்சாரம் போனதும் கோப்பு ஏன் காலியாகிவிட்டது என்ற எல்லாவற்றுக்கும் விடை, பேரேடு வேறு, பொருள் வேறு என்பதில் இருக்கிறது.

32 பைட்டில் ஒரு கோப்பின் ஜாதகம்

இதை நேரில் பார்க்க மிக எளிய கோப்பு முறைமை ஃபேட். 1977-இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது. வயதைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். இன்றைய கணினிகளில் பெரும்பாலானவை இயங்கத் தொடங்கும்போது வட்டில் முதலில் படிக்கும் பகுதியான யூஇஎஃப்ஐ பிரிவு இன்றும் ஃபேட் வடிவத்தில்தான் இருக்கிறது.

ஃபேட் கோப்புறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டில் பெயர்: எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும். (நீளமான பெயர்கள் பிற்காலத்தில் கூடுதல் பதிவுகளாகச் சேர்க்கப்பட்டன.) அடுத்த பைட், அது மறைக்கப்பட்ட கோப்பா, படிக்க மட்டுமா, கோப்புறையா என்பதைச் சொல்லும். பிறகு தேதியும் நேரமும், முதல் கொத்தின் எண்ணும். கொத்து என்பது சில பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடும் அலகு. பதிவின் கடைசி 4 பைட்டில் கோப்பின் அளவு.

கோப்பு முதல் கொத்தோடு முடியாவிட்டால் மிச்சம் எங்கே? அதற்குத்தான் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு கட்டம் கொண்ட அட்டவணை. கோப்பு 5-ஆம் கொத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையின் 5-ஆம் கட்டத்தில் 6 என்று எழுதியிருக்கும். 6-ஆம் கட்டத்தில் 9. 9-ஆம் கட்டத்தில் 'இத்துடன் முடிந்தது' என்ற குறி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் கோப்பு முழுவதும் கிடைத்துவிடும். இந்த அட்டவணை கெட்டால் எல்லாமே கெட்டது என்பதால் வழக்கமாக அதன் நகல் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்தக் கடைசி 4 பைட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 4 பைட் என்றால் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. பென் டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும், 5 ஜிபி காணொளி ஒன்றை ஏற்ற முடியாமல் 'கோப்பு மிகப் பெரியது' என்று ஃபேட்டின் பிற்கால வடிவமான ஃபேட்32 திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான். இடம் இருக்கிறது, பேரேட்டில் அவ்வளவு பெரிய எண்ணை எழுதுவதற்குத்தான் கட்டம் போதவில்லை.

இப்போது அந்தக் கோப்பை அழிப்போம். கணினி செய்வது இரண்டே வேலை. பதிவின் முதல் பைட்டில், அதாவது பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில், 229 என்ற எண்ணை எழுதுகிறது. அட்டவணையில் சங்கிலியின் கட்டங்களைப் பூஜ்யமாக்குகிறது. உள்ளடக்கத்தை அது தொடவே இல்லை. பெயரின் மற்ற எழுத்துகளும் அளவும் அப்படியே இருக்கின்றன. அழிந்த கோப்பை மீட்கும் பழைய மென்பொருள்கள் 'முதல் எழுத்து என்ன?' என்று நம்மிடம் கேட்டதற்கு இதுவே காரணம். (ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் 229 என்பது செல்லத்தக்க முதல் பைட். அப்படித் தொடங்கும் பெயர்கள் அழிந்தவையாகத் தோன்றாமலிருக்க, அந்த இடத்தில் 5 என்று எழுதிவைக்கும் விதியைப் பிறகு சேர்த்தார்கள். ஒரு மொழியைக் கணக்கில் எடுக்காமல் செய்த வடிவமைப்புக்கு ஒட்டுப் போட்ட இந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது.)

ஆனால் சங்கிலி போய்விட்டது. எனவே மீட்பு மென்பொருள், கோப்பு அடுத்தடுத்த கொத்துகளில் தொடர்ச்சியாக இருந்திருக்கும் என்று ஊகித்துத்தான் படிக்கிறது. 5, 6, 9 என்று இருந்த கோப்பை 5, 6, 7 என்று படித்தால் கடைசிப் பகுதி வேறு எதுவோவாக இருக்கும். மீட்ட புகைப்படங்களில் மேல் பாதி சரியாகவும் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி இன்னொரு வழியில் போகிறது. பேரேட்டை அது பார்ப்பதே இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடி, ஜேபெக் படங்கள் எல்லாம் தொடங்கும் 255, 216, 255 என்ற மூன்று பைட் வரிசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எடுக்கிறது. ஃபார்மட் செய்த மெமரி கார்டிலிருந்தும் படங்கள் கிடைக்கும், ஆனால் பெயர்கள் கிடைக்காது. பெயர் படத்தில் இல்லை, பேரேட்டில்தானே இருந்தது!

ஆகவே, தவறுதலாக ஏதேனும் அழிந்துவிட்டால் அந்தச் சாதனத்தில் அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு. நிறுவப்படும் மென்பொருளே, காலி என்று குறிக்கப்பட்ட அந்தப் பெட்டிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதனத்தைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, முழு வட்டையும் ஒரு நகலாக எடுத்து, அந்த நகலில்தான் மீட்பு வேலையைத் தொடங்க வேண்டும்.

விரைவு ஃபார்மட்டும் இதே கதைதான்: புதிய வெற்றுப் பேரேடு ஒன்றை எழுதிவிட்டுப் போகும், அவ்வளவுதான். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் வட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. பழைய வன்தட்டை விற்பதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் எஸ்எஸ்டியில் நிலைமை தலைகீழ். ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதியதன் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை முதலில் துடைத்தாக வேண்டும். எந்தப் பெட்டிகள் இனி வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஓய்வு நேரத்தில் துடைத்து வைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்வதற்காக டிரிம் என்ற கட்டளை வந்தது. விண்டோஸ் 2009-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்தே அதை அனுப்புகிறது. டிரிம் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பெட்டிகளைப் படித்தால் பல எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களையே தரும். குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலும் மீட்டுக்கொள்ளலாம் என்ற வன்தட்டுக் கால நம்பிக்கை மடிக்கணினிகளில் இன்று பெரும்பாலும் பலிப்பதில்லை.

பெயர் கோப்புக்குள் இல்லை

ஃபேட்டில் பெயரும் விவரங்களும் ஒரே பதிவில் இருக்கின்றன. பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார்கள். அளவு, உரிமையாளர், அனுமதிகள், தேதிகள், உள்ளடக்கம் இருக்கும் பெட்டிகளின் எண்கள் ஆகிய அனைத்தும் ஐநோடு என்ற பதிவில் இருக்கும். ஒவ்வொரு ஐநோடுக்கும் ஓர் எண் உண்டு. அதில் பெயர் மட்டும் இருக்காது. கோப்புறை என்பது 'இந்தப் பெயர், இந்த எண்' என்ற இணைகளின் பட்டியல், வேறொன்றுமில்லை. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஒவ்வோர் இணைக்கும் 16 பைட்: 2 பைட் எண், 14 பைட் பெயர். லினக்ஸும் மேக்கும் இந்த வழியில் வந்தவையே.

இந்தப் பிரிவினையின் அழகு விளைவுகளில் தெரியும். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். அவற்றுள் எது அசல், எது நகல் என்ற கேள்விக்கே இடமில்லை, இரண்டும் சமம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கை ஐநோடிலேயே இருக்கும். இந்த முறைமையில் 'கோப்பை அழி' என்ற கட்டளையே கிடையாது. இருப்பது 'அன்லிங்க்', அதாவது பெயரை அவிழ்த்துவிடு என்பது மட்டும்தான். கடைசிப் பெயரும் அவிழ்ந்து, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகே பெட்டிகள் காலியாகும்.

கடைசியாகச் சொன்னது சேவையகங்களைப் பராமரிப்பவர்களைத் தூங்கவிடாத விஷயம். ஒரு நிரல் தன் நடவடிக்கைகளை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு (லாக்) 40 ஜிபிக்கு வீங்கிவிட்டது, அதை அழிக்கிறோம். பட்டியலில் அது இல்லை. வட்டில் இடமோ கூடவில்லை. காரணம், அந்தப் பதிவை எழுதும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரில்லாத அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நிரலை நிறுத்தித் தொடங்கினால் 40 ஜிபியும் ஒரே நொடியில் திரும்ப வரும்.

இன்னொரு இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இணையதளத்தில் யாராலும் உள்நுழைய முடியவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தால் 'சாதனத்தில் இடமில்லை' என்ற வரி திரும்பத் திரும்ப. வட்டைப் பார்த்தால் பாதிக்குமேல் காலி. பழைய கோப்புகளை நீக்கினேன், பயனில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. இடமே இல்லையென்றால் இந்தப் பதிவுக் கோப்பில் மட்டும் எப்படி ஒவ்வொரு நொடியும் புது வரி சேர்ந்துகொண்டே போகிறது? ஏற்கெனவே உள்ள கோப்பு வளர்கிறது, புதுக் கோப்புதான் பிறக்க மாட்டேன் என்கிறது. அப்படியானால் தீர்ந்துபோனது பெட்டிகள் இல்லை, பேரேட்டின் வரிகள்.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு. 100 ஜிபி பிரிவு என்றால் ஏறத்தாழ 65 லட்சம் கோப்புகள். அதற்கு மேல் ஒன்றுகூட வைக்க முடியாது. சராசரிக் கோப்பு 16 கேபிக்கும் குறைவாக இருந்தால் வட்டு நிறையும் முன்பே ஐநோடுகள் தீர்ந்துவிடும். அந்த இணையதளம் உள்நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கோப்பை உருவாக்கி வந்தது. பழையவற்றைத் துடைக்க வேண்டிய வேலையோ எப்போதோ நின்றுபோயிருந்தது. டிஎஃப் கட்டளை வழக்கமாகப் பெட்டிகளின் கணக்கைத்தான் காட்டும். ஐநோடு கணக்கைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். கேட்டேன்: 100 விழுக்காடு. லட்சக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டளையில் நீக்கவும் முடியவில்லை, பெயர்ப் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது. ஃபைண்டு கட்டளையால் ஒவ்வொன்றாக அவிழ்த்தபோது விடிந்துவிட்டது. அன்றிலிருந்து, நான் பராமரிக்கும் எந்த இயந்திரத்திலும் இரண்டு கணக்குகளையும் சேர்த்தே கண்காணிக்கிறேன்.

இடக்கணக்கில் இன்னொரு பொதுவான குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 டிபி என்று வாங்கிய வட்டு 931 ஜிபி என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. வட்டைச் செய்பவர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது. லினக்ஸில் எக்ஸ்ட்4 பிரிவை உருவாக்கினால் மேலும் 5 விழுக்காடு நிர்வாகியின் அவசரத் தேவைக்காக ஒதுக்கி வைக்கப்படும். வெறும் தரவு வைக்கும் பெரிய வட்டுகளில் அதைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. ஒரு நடவடிக்கை நடந்ததும் முதலில் குறிப்பேட்டில் பதிய வேண்டும், அதிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுத வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் அரிச்சுவடி. கோப்பு முறைமைகள் இந்த ஞானத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஒரு புதுக் கோப்பை உருவாக்க வேண்டுமென்றால் பேரேட்டில் குறைந்தது மூன்று இடங்களில் எழுத வேண்டும். காலிப் பெட்டிகளின் கணக்கில் சிலவற்றை 'எடுத்தாயிற்று' என்று குறிக்க வேண்டும், ஐநோடை நிரப்ப வேண்டும், கோப்புறையில் பெயரைச் சேர்க்க வேண்டும். வட்டால் மூன்றையும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. நடுவில் மின்சாரம் போனால்? பெயர் எழுதப்பட்டு ஐநோடு எழுதப்படாவிட்டால் அந்தப் பெயர் குப்பையைச் சுட்டும். பெட்டிகளை எடுத்ததாகக் குறிக்காமல் போனால் நாளை அதே பெட்டியை இன்னொரு கோப்புக்கும் கொடுத்துவிடும். இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அழிக்கும்.

அந்தக் காலத்தில் இதற்கிருந்த ஒரே மருந்து, கணினி மீண்டும் எழுந்ததும் வட்டு முழுவதையும் சோதிப்பது. பெயர் தொலைந்த கோப்புகளை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் ஐநோடு எண்ணையே பெயராக இட்டுப் போட்டுவைக்கும். வட்டுகள் பெரிதாகப் பெரிதாக இந்தச் சோதனை மணிக்கணக்கில் நீண்டது.

அதற்கான விடைதான் குறிப்பேடு. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் தனியிடத்தில் எழுதி, 'இந்த நடவடிக்கை முழுமை' என்ற முத்திரையையும் குத்திவிட்டு, அதன் பிறகே பேரேட்டைத் தொடுவது. மின்சாரம் போய் மீண்டால் குறிப்பேட்டை மட்டும் படித்தால் போதும். முத்திரை இருந்தால் நடவடிக்கையை மறுபடி செய்யும், இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று விட்டுவிடும். மணிக்கணக்கு நொடிக்கணக்காகிவிட்டது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இந்த ஏற்பாடு இருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட் வரிசைக்கு 2001-இல், எக்ஸ்ட்4-இன் முன்னோடியான ஸ்டீஃபன் ட்வீடியின் எக்ஸ்ட்3 வழியாக வந்தது.

குறிப்பேடு எதைக் காக்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். என்டிஎஃப்எஸ்ஸும், வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4-உம், பேரேட்டின் மாற்றங்களை மட்டுமே குறிப்பேட்டில் எழுதுகின்றன. நீங்கள் தட்டச்சு செய்த கட்டுரையின் வரிகள் அதில் இல்லை. அது காப்பது வட்டின் ஒழுங்கை.

2009-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸ்ட்4-ஐப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள், கணினி திடீரென நின்று மீண்டபின் சில கோப்புகள் பூஜ்ய பைட்டாக இருப்பதைக் கண்டார்கள். பல நிரல்கள் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுப் புதிதாக எழுதும் பழக்கம் கொண்டவை. எக்ஸ்ட்4 வேகத்துக்காக, எந்தப் பெட்டியில் எழுதுவது என்ற முடிவைக் கூடியவரை தள்ளிப்போட்டது. காலி செய்தது வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, புதிதாக எழுதியது நினைவகத்திலேயே இருந்தது. எக்ஸ்ட்4-இன் பராமரிப்பாளர் தியோடர் ட்சோ, நிரல்கள் முறையாக எழுத வேண்டும் என்று விளக்கிய கையோடு, வழக்கமான தவறுகளை அடையாளம் கண்டு தரவை முன்கூட்டியே எழுதிவிடும் திருத்தங்களையும் கோப்பு முறைமையில் சேர்த்தார். இரண்டையும் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். பயனரின் கோப்பு காணாமல் போனபின் தவறு யாருடையது என்று வாதிட்டு என்ன பயன்?

முறையாக எழுதுவது என்றால்: புது உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் எழுது, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய், பிறகு அதற்குப் பழைய பெயரைச் சூட்டு. பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். எந்த நொடியில் மின்சாரம் போனாலும் அந்தப் பெயரில் பழைய கோப்பு முழுமையாக இருக்கும், அல்லது புதியது முழுமையாக இருக்கும்.

பென் டிரைவைப் பிடுங்கக் கூடாது என்பதும் இங்கேதான் பொருள்படுகிறது. நகல் முடிந்துவிட்டது என்று திரை சொன்னாலும், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் எழுத வேண்டியதில் ஒரு பகுதியை நினைவகத்தில் அரை நிமிடம்வரை வைத்திருக்கலாம். விண்டோஸ் 10, 2018-இன் இறுதியில் வந்த 1809 பதிப்பிலிருந்து வெளிச் சாதனங்களுக்கு உடனுக்குடன் எழுதும் முறையை வழக்கமாக்கியது. அப்படியிருந்தும் 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதைச் சொடுக்கிவிட்டு எடுப்பதே நல்லது. பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் குறிப்பேடு கிடையாது. பேரேடு பாதியில் நின்றால் பாதியில் நின்றதுதான்.

2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இன்னும் ஒரு படி மேலே போனது. அது எதன் மேலும் திருத்தி எழுதுவதே இல்லை. மாற்றத்தைப் புதுப் பெட்டியில் எழுதி, எல்லாம் முடிந்தபின் உச்சியிலுள்ள சுட்டியைப் புதியதன் பக்கம் திருப்புகிறது. பழைய உச்சியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் அந்த நொடியின் முழு வட்டும் அப்படியே கிடைக்கும். இதைத்தான் ஸ்னாப்ஷாட் என்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணையும் அதைச் சுட்டும் இடத்தில் எழுதி வைப்பதால், வட்டு சத்தமில்லாமல் ஒரு பிட்டைத் தவறாகத் தந்தாலும் பிடித்துவிடும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ்ஸும் இதே வழி. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் 2017-இல் ஐஃபோன்களுக்கும் மேக்குகளுக்கும் வந்தது. எழுதும் முறை இதேதான், ஆனால் சரிபார்ப்பு எண் பேரேட்டுக்கு மட்டுமே, பயனரின் உள்ளடக்கத்துக்கு இல்லை.

ஸ்னாப்ஷாட் இருக்கிறது, காப்பு நகல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வட்டு செத்தால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து சாகும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய கணக்கைவிடச் சிறந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள்.

எந்தச் சாதனத்துக்கு எந்த முறைமை என்பதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. கணினியின் உள் வட்டுக்கு, அந்த இயங்குதளம் தானாகத் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கும் மேக்குக்கும் இடையே போய்வரும் சாதனத்துக்கு எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

பெயரில் ஒளிந்திருக்கும் சிக்கல்

பெயர் என்பது பேரேட்டில் உள்ள பைட் வரிசைதான் என்று சொன்னேன். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது வெறும் கோட்பாடு இல்லை.

எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூட. 'கோப்பு' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு, 18 பைட். ஆக, தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் 255 என்பதைப் பைட்டாக எண்ணாமல் 16-பிட் அலகாக எண்ணுவதால் அங்கே 255 தமிழ்க் குறியீடுகள் கொள்ளும். விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீண்ட தலைப்புள்ள கோப்பு, லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுவது இதனால்தான். தமிழில் பெயர் வையுங்கள், தாராளமாக வையுங்கள். நீளத்தை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது ககரத்தோடு இரட்டைக் கொம்பு, பிறகு துணைக்கால் என்று இரண்டு குறியீடுகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. முதல் வகையில் 'கோப்பு' 18 பைட், இரண்டாம் வகையில் 21 பைட். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இவை வெவ்வேறு பெயர்கள்; ஒரே கோப்புறையில் இரண்டும் அருகருகே இருக்கலாம். 1998-இல் வந்த ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே எழுதிவைத்தது. பின்னாளில் மேக்கில் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடியே எழுதினாலும் இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது. பழைய மேக் வட்டிலிருந்து தமிழ்க் கோப்புகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்கள், கண் முன்னால் இருக்கும் 'கோப்பு' தேடலில் அகப்படாமல் திகைத்திருப்பார்கள். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வரும் பெயர்களில் மட்டுமே இது நடக்கும் என்பதால் காரணம் எளிதில் பிடிபடாது.

இதைச் சரிசெய்ய லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு கோப்புறை மரம் முழுவதிலும் உள்ள பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். முதல் ஓட்டத்தில் அது எதையும் தொடாது. எந்தப் பெயரை எதுவாக மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் போடும். சோதனை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மாற்றத் தொடங்கும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரே கோப்புறையில் இரண்டு வடிவங்களிலும் ஒரே பெயர் இருந்தால், இரண்டையும் திறந்து பார்த்து ஒன்றுக்கு முதலில் வேறு பெயர் கொடுத்துவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.